மூடி மேல் நின்ற மனிதர்கள்
மண்ணுக்குள் சென்னை – 14

பல்லாவரத்துச் சரளைக் குழியில் 1863ஆம் ஆண்டு மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கல்கோடரியைக் குனிந்து எடுத்த கதையைச் சென்ற இதழோடு முடித்துவிட்டேன். ஆனால் ஃபுட் நம்மை அவ்வளவு சீக்கிரம் விடுவதாக இல்லை. கல்லைத் தேடியே வாழ்நாளைக் கழித்த அந்த மனிதர் கடைசிக் காலத்தில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து பானைகளுக்குப் பட்டியல் எழுதினார். அங்கிருந்த தொல்பழங்காலப் பொருள்களுக்கு அவர் தயாரித்த அட்டவணை 1901இல் அச்சானது. அதைப் புரட்டினால் ஆதிகால மெட்ராஸைவிட நீலகிரிதான் கண்ணில் அதிகம் படும். மலைமேல் கல்குவியல்களைப் பிரித்து எடுத்த பானைகள், அவற்றின் மூடிகள், மூடிகளின் மேல் எருமைகள், குதிரைகள், யானைகள், பறவைகள். அவற்றுக்கு நடுவே மனிதர்கள்.

மண்ணில் செய்து சுட்ட மனிதர்கள். சிலர் நிற்கிறார்கள், சிலர் குதிரைமேல் இருக்கிறார்கள். பெண்களும் உண்டு. களிமண் உருண்டையை ஒட்டிவைத்தால் கண். இரண்டு விரலால் கிள்ளி இழுத்தால் மூக்கு. மண்ணைத் திரித்து ஒட்டினால் மாலை. குச்சி முனையால் வரிசையாகக் குத்தினால் ஆடையோ அணியோ. நுணுக்கம் என்று சொல்ல ஏதும் இல்லை. அமராவதிப் பளிங்கையும் சோழர் வெண்கலத்தையும் பார்க்கவென்று பாந்தியன் சாலைக்கு வருகிறவர்கள் இந்தப் பக்கம் நின்றால் அதுவே அதிசயம். நடராசருக்கு முன்னால் யார்தான் நிற்க முடியும்? ஆனாலும் தமிழ் மண்ணில் பழங்காலக் குயவர் கை பாண்டத்தின் மேல் மனித உருவத்தை இத்தனை தாராளமாக ஏற்றிவைத்த இடம் நீலகிரிபோல வேறொன்று எனக்குத் தெரியாது. அந்த உருவங்கள் மலையை விட்டு இறங்கி எழும்பூருக்கு வந்த வழிதான் இந்த இதழின் கதை.

அருங்காட்சியகம் எழும்பூரில் பிறக்கவில்லை. 1851இல் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இருந்த கட்டடத்தின் மாடியில் அது தொடங்கியது. முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு மருத்துவர். கல், எலும்பு, செடி, விதை என்று வந்ததையெல்லாம் வாங்கி வைத்ததில் கட்டடம் பாரம் தாங்காமல் முனக, 1854இல் எழும்பூர்ப் பாந்தியன் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. மாகாணத்தின் எந்த மூலையில் எந்த அதிகாரி எதைத் தோண்டினாலும் வண்டியேற்றி அனுப்ப ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

நீலகிரியில் தோண்டுவது அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். அடுத்த சில ஆண்டுகளில் ஊட்டி வெள்ளையருக்குக் கோடைவாசமானது. காலையில் வேட்டை, மாலையில் விருந்து, நடுவில் பொழுது போகாத அதிகாரிகளுக்குப் பழங்காலக் கல்வட்டங்கள். மலையுச்சிகளில் கிணற்றுச் சுவர்போல வட்டமாகக் கல்லடுக்கிக் கட்டிய அமைப்புகள் இருந்தன. உள்ளே மண்ணும் கல்லும் நிரம்பிக் கிடக்கும். தோண்டினால் உடைந்த பானை, சாம்பல், இரும்பு ஈட்டிமுனை, மணிகள், அதிர்ஷ்டம் இருந்தால் வெண்கலக் கிண்ணம், அபூர்வமாகக் கொஞ்சம் தங்கம். தாமரை வடிவில் செய்த அழகான வெண்கலக் கிண்ணம் ஒன்று இன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேப்டன் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரி 1847இல் சென்னையின் இலக்கிய, அறிவியல் இதழில் இந்தத் தொல்பொருள்களைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். தாம் பார்த்த ஒவ்வொரு கல்லிலும் அவருக்குத் தம் ஊர் தெரிந்தது. இங்கிலாந்துக் கல்வட்டங்களையும் நீலகிரிக் கல்வட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இவற்றைக் கட்டியவர்கள் நீலகிரி மலைவாழ் தோதவர்களின் முன்னோர், அவர்கள் மத்திய ஆசியாவிலிருந்து வந்த செல்டிய-சித்திய இனத்தின் கிளை என்று தீர்ப்பெழுதினார். இன்று படித்தால் சிரிப்பு வரும். அப்போது யாரும் சிரிக்கவில்லை. நெட்டையான உடலும் தாடியும் போர்த்திய சால்வையுமாகத் தோதவர்களைப் பார்த்த ஐரோப்பியர் பலருக்கும் அவர்கள் எங்கிருந்தோ வழிதவறி வந்தவர்களாகத்தான் தோன்றினார்கள்.

அதற்குப் பிறகு பானைகளிடம் கேட்ட கேள்வி மாறவே இல்லை: நீங்கள் எந்த இனம்?

1868இல் கோயம்புத்தூரிலிருந்து நீலகிரியைப் பிரித்துத் தனி நிர்வாகம் ஆக்கியபோது முதல் கமிஷனராக வந்தவர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். சென்னை ஆளுநராக இருந்த வில்லியம் டெனிசனிடம் தனிச் செயலராக இருந்து அவர் மகளை மணந்தவர். 1871இல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகம் ஒரு கோரிக்கை விடுத்தது: மலைவாழ் மக்களின் ஆயுதங்கள், அணிகலன்கள், வீட்டுப் பொருள்கள் வேண்டும். பிரீக்ஸ் அதைச் சிரத்தையோடு எடுத்துக்கொண்டார். தோதவர், கோத்தர், குறும்பர், இருளர் என்று ஒவ்வொரு சமூகத்தையும் விசாரித்தார். அதோடு நிற்காமல் மலைமேல் கல்குவியல்களைத் திறந்து பார்த்தார். காங்கிரீவைப்போல எடுத்த எடுப்பில் தீர்ப்புச் சொல்லாமல், எங்கே தோண்டினோம், என்ன கிடைத்தது என்று எழுதிவைத்தவர் அவர். அந்தக் காலத்தில் அது பெரிய குணம்.

எழுதியது புத்தகமாவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1872இல் இறந்துபோனார். மனைவி சூசன் மரியா கையெழுத்துப் படிகளைச் சேர்த்து 1873இல் லண்டனில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஊட்டியில் கணவர் நினைவாக ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது. பிரீக்ஸ் பள்ளி என்று இன்றும் ஊட்டிக்காரர்களுக்குத் தெரியும். அந்தப் பெயருக்குரியவர் பானை தோண்டியவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ.

பிரீக்ஸ் சேகரித்த பானைகளும் மூடிகளும்தான் எழும்பூரின் நீலகிரித் தொகுப்புக்கு முதுகெலும்பு. முப்பது ஆண்டு கழித்து ஃபுட் எண் போட்டு விவரம் எழுதியதும் இவற்றுக்குத்தான்.

சரி, இவை யாருடையவை? தோதவர்களுடையவை என்பதற்குச் சாதகமாக ஒரு சாட்சி உண்டு: எருமை. மூடிகளின் மேல் நிற்கும் விலங்குகளில் எருமைக்குத் தனி மவுசு. கழுத்தில் மணி கட்டிய எருமைகள்கூட உண்டு. தோதவர் வாழ்க்கையே எருமையைச் சுற்றியது. பால்மடம் அவர்களுக்குக் கோயில். கோயில் எருமைகளின் மணிகள் புனிதப் பொருள்கள். இறப்புச் சடங்கில் எருமையைப் பலி கொடுத்துச் செத்தவரோடு மறுவுலகுக்கு அனுப்புவார்கள். இவ்வளவும் பொருந்துகிறது.

எதிர்ச்சாட்சியும் வலுவானதுதான். குதிரைமேல் ஏறி நிற்கும் வீரனுக்குத் தோதவர் வாழ்க்கையில் என்ன வேலை? ஈட்டியும் வாளும் அவர்கள் புழங்கியவை அல்ல. எல்லாவற்றுக்கும் மேலாக, பானை வனைவது அவர்கள் தொழிலே இல்லை. நீலகிரியில் பானை கோத்தர் பெண்கள் கையில் பிறப்பது. இரும்பு கோத்தர் ஆண்கள் கையில். தோதவர் பாலும் நெய்யும் கொடுத்துப் பானை வாங்கிக்கொண்டார்கள். கல்வட்டங்களைப் பற்றிக் கேட்டபோது தோதவர்கள் அவற்றுக்கு உரிமை கொண்டாடவும் இல்லை. வெள்ளைக்காரத் துரைகள் முன்னோர் கல்லறையைப் பெயர்த்துக் குடைகிறார்கள் என்றால் பார்த்துக்கொண்டு சும்மாவா இருந்திருப்பார்கள் என்பது எனக்கு இயல்பாகத் தோன்றும் கேள்வி.

இந்த வழக்கு இன்னும் முடியவில்லை. காலக் கணக்கிலும் ஆய்வாளர்கள் கயிறு இழுக்கிறார்கள். கிறிஸ்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் தொடங்கி கி.பி. முதலாயிரத்தின் பிற்பகுதி வரை இவற்றை எங்கே வைப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. குற்றம் பானையுடையதல்ல. ஒரே குழியில் எது மேலே கிடந்தது, எது கீழே, எந்த மூடி எந்த ஜாடிக்கு உரியது என்பதெல்லாம் தோண்டிய கையோடே போய்விட்டது. உருவம் உள்ள மூடியைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு உருவம் இல்லாத ஓட்டை அங்கேயே எறிந்துவிட்டுப் போன கனவான்கள் எத்தனையோ பேர்.

இனக் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டுக் குயவர் கையை மட்டும் பார்க்கலாம். நீலகிரி ஜாடிகள் பல உயரமானவை, ஒடுங்கியவை. ஒன்றன்மேல் ஒன்றாக வளையம் அடுக்கியதுபோலப் பல அடுக்குகளாக மேலேறுபவை. உச்சியில் மூடி. மூடியைத் தூக்கக் குமிழ் இருக்க வேண்டிய இடத்தில் எருமையோ மனிதனோ நிற்கிறான். அதாவது பாண்டத்தைத் திறக்க வேண்டுமானால் அந்த ஆளின் இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். ஆனால் புதைகுழிக்குள் போன பாண்டத்தை மறுபடி யார் திறக்கப் போகிறார்கள்? அப்படியானால் அந்த ஆள் காவலுக்கு நிற்கிறாரா, உள்ளே இருப்பவரின் அடையாளமா, உடன் போகும் ஏவலாளா? எனக்குக் காவல் என்றுதான் படுகிறது. குதிரையும் ஆயுதமும் அந்தப் பக்கம் கை காட்டுகின்றன. ஆனால் மணி கட்டிய எருமையைக் காவல் என்று சொல்ல மனம் வரவில்லை. அது கூடவே போகிற செல்வம். ஒரே மலையில் ஒரே வகை மூடிக்கு இரண்டு அர்த்தம் இருக்கக்கூடாது என்று சட்டமா என்ன?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உருவங்களில் சக்கரத்தின் தடயம் இல்லை. மண்ணை உருட்டி, கிள்ளி, ஒட்டிச் செய்தவை. தேர்ந்த கைவினைஞருடையதைவிட, சாவு வீட்டு அவசரத்தில் செய்து கொடுத்தவர் கை என்று எனக்குத் தோன்றுகிறது. சுட்ட சூடும் அதிகமில்லை, மண் சொரசொரப்பு. வண்ணம் தீட்டும் ஆசையும் அவர்களுக்கு இல்லை; கோடும் புள்ளியும் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

இதே உலகத்தில், ஏறத்தாழ இதே காலக் கட்டத்தில், பூமியின் மறுபக்கம் வேறு மாதிரிக் குயவர்கள் இருந்தார்கள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் வடகடலோரப் பாலைவனத்தில் கி.பி. 100 முதல் 800 வரை வாழ்ந்த மோச்சே மக்கள். அவர்களுக்கு மூடிமேல் ஆள் நிறுத்தும் வேலையே இல்லை. பாண்டம் முழுவதுமே ஆளாகிவிட்டது. கன்னம், உதடு, தலைப்பாகை, காதணி, முகச்சாயம் எல்லாம் சேர்ந்து ஜாடியின் உடல் ஒரு மனிதத் தலை. தலையுச்சியில் குதிரைச் சேணத்தின் அங்கவடிபோல வளைந்த இரட்டைக் குழாய், அது ஒன்றுசேர்ந்து ஒரே வாய். வெளிர்மஞ்சள் களிமண் குழம்பும் செம்மண் குழம்பும் பூசிச் சுட்டார்கள். குயவர் சக்கரம் என்ற ஒன்றை ஆண்டிஸ் மக்கள் அறியவே இல்லை. இரண்டு பாதி அச்சில் ஈர மண்ணை அழுத்தி எடுத்து, பாதிகளை ஒட்டித்தான் இத்தனையும் செய்தார்கள். தெற்கே நாஸ்கா மக்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சுடுவதற்கு முன்பே பல நிறக் களிமண் குழம்புகளால் ஓவியம் தீட்டினார்கள்.

மோச்சே முகங்கள் பொதுவான முகங்கள் அல்ல. பெயர் தெரியாத, ஆனால் உண்மையாக வாழ்ந்த மனிதர்களுடையவை என்கிறார்கள் ஆய்வாளர்கள். கிறிஸ்டோபர் டோனன் என்ற அமெரிக்க அறிஞர் இவற்றைப் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்ததில், உதட்டில் தழும்புள்ள ஒரே ஆளை நாற்பதுக்கும் மேற்பட்ட ஜாடிகளில் அடையாளம் கண்டார். சிறுவனாக, இளைஞனாக, நடுவயதை நெருங்குகிறவனாக அந்த ஆள் வளர்ந்துகொண்டே போகிறான். எழுத்து இல்லாத நாட்டில் ஒருவனுடைய வாழ்க்கை வரலாறு ஜாடிகளில் கிடைத்திருக்கிறது.

அங்கேயும் கல்லறைக் கொள்ளைக்குக் குறைவில்லை. ஆனால் ரஃபேல் லார்கோ ஓய்லே என்ற கரும்புப் பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை 1926இல் தம் ஊரான சிக்லினில் ஒரு அருங்காட்சியகம் தொடங்கி, பானைகளைப் பானைகளாகவே பார்த்தார். மேல்வாய்க் குழாயின் வளைவும் விளிம்பும் காலந்தோறும் மாறுவதைக் கவனித்து மோச்சேக் கலையை ஐந்து கட்டங்களாகப் பிரித்து 1948இல் வெளியிட்டார். பிற்பாடு அதில் திருத்தங்கள் வந்தாலும் அந்த ஏணியைப் பிடித்துத்தான் எல்லாரும் ஏறினார்கள். எழும்பூரின் நீலகிரி மூடிகளுக்கு அப்படி உறுதியான ஏணி வாய்க்கவில்லை. மணி கட்டிய எருமை முந்தியதா, குதிரை வீரன் முந்தியவனா என்ற சாதாரணக் கேள்வியை விட்டுவிட்டு, சித்தியரா செல்டியரா என்று அரை நூற்றாண்டை ஓட்டியதன் பலன் இது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மோச்சே முகத்தையும் நம் மூடி மனிதனையும் பக்கத்தில் வைத்ததும், தமிழன் கப்பலேறிப் பெருவுக்குப் போய்ப் பானை வனையச் சொல்லிக் கொடுத்தான் என்று வாட்ஸப்பில் யாராவது கிளம்பிவிடுவார்கள். சக்கரத்தில் பானை வனையத் தெரிந்தவன் அங்கே போய்ச் சக்கரத்தை மட்டும் சொல்லிக் கொடுக்காமல் திரும்பினானா? காங்கிரீவ் செய்த அதே காரியத்தை நாம் வேறு கொடியோடு செய்ய வேண்டாம்.

நீலகிரி மூடிகள் ஏன் எனக்கு முக்கியம் என்றால், கீழே சமவெளியில் நிலைமை நேரெதிர். சென்னையின் தென்கோடிக்கே வருவோம். ஃபுட் கல்கோடரி எடுத்த அதே பல்லாவரத்துக் குன்றுகளில் 1880களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ ஈமப் பேழைகளைக் கண்டார். சுட்ட மண்ணில் தொட்டிபோலச் செய்து அடியில் வரிசையாகக் கால்கள் வைத்தவை. செங்கல்பட்டு வட்டாரமெங்கும், குன்னத்தூர், சானூர் என்று, இவை கிடைக்கின்றன. கால் இருக்கிறது, வயிறு இருக்கிறது, முகம் இல்லை. கடப்பை மாவட்டத்துச் சங்கவரத்தில் கிடைத்து எழும்பூருக்கு வந்த பேழைக்கு முகம் உண்டு. அது ஆட்டுக்கடாவின் முகம். செங்கம் பக்கத்தில் மோட்டூரில் ஆளைவிட உயரமான கற்பலகை ஒன்றை மனித வடிவில் வெட்டி நட்டிருக்கிறார்கள். அகன்ற தோள் தெரிகிறது. அதற்குமேல் தலையும் முகமும் கிடையாது.

திருநெல்வேலிப் பக்கம் ஆதிச்சநல்லூரில் தாழிகளுக்கு வெள்ளைக் கோட்டில் வண்ணம் தீட்டத் தெரிந்திருந்தது. வெண்கலத்தில் ஒரு சிறு தாய்த்தெய்வம் செய்யத் தெரிந்திருந்தது. அதுவும் எழும்பூரில்தான் இருக்கிறது. வெண்கல மூடிகளில் எருமையும் பறவையும் நிற்கின்றன. ஆனால் மண் தாழி மனித முகம் தரித்ததாகக் காணோம். 2004இல் சத்தியமூர்த்தி தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது கிடைத்த ஒரு பானை ஓட்டில் பெண் உருவம் ஒன்று புடைப்பாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் மான், முதலை, கொக்கு. செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடியதில் நியாயம் இருந்தது, அவ்வளவு அரிது அது.

ஏன் சமவெளிக்காரன் முகத்தைத் தவிர்த்தான்? தாழியே உடல், உள்ளே இருப்பவரே முகம் என்று நினைத்திருக்கலாம். செத்தவரின் முகத்தைச் செய்துவைத்தால் அவர் திரும்பி வந்துவிடுவார் என்ற அச்சமாகவும் இருக்கலாம். கிராமங்களில் இந்த அச்சம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. மலைக்காரனுக்கு அந்தத் தயக்கம் இல்லாமல் போனது எப்படி என்பதைத்தான் யாராவது உட்கார்ந்து ஆராய வேண்டும்.

வண்ணம் பூசிய மண் மனிதரைச் சென்னை இன்று பார்ப்பது புரட்டாசியில், மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில். கொலுப் பொம்மைகளில் அச்சில் எடுப்பவை மோச்சே வழியில்தான் பிறக்கின்றன: முன்பாதிக்கு ஓர் அச்சு, பின்பாதிக்கு ஓர் அச்சு, இரண்டையும் ஒட்டி இணைப்பைத் துடைத்தால் உள்ளே வெற்றிடமாக ஓர் ஆள். மோச்சேக்காரர் வண்ணத்தைத் தீக்கு முன்னே தடவினார். நம்மவர் சுட்ட பிறகு தடவுகிறார். அதனால்தான் மோச்சே ஜாடி ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கும் சிவப்பாக இருக்கிறது, நம் வீட்டுச் செட்டியார் பொம்மைக்கு நான்கு கொலுவில் மூக்கு வெளுக்கிறது. விளாச்சேரியிலும் பண்ருட்டியிலும் காஞ்சிபுரத்திலும் இருந்து வண்டி வருகிறது. காகிதக் கூழும் பிளாஸ்டர் மாவும் வந்த பிறகு சுட்ட மண் குறைந்துவிட்டது; விரலால் தட்டி ஓசை கேட்டு மண் பொம்மையை மட்டும் பொறுக்கி எடுக்கும் மாமிகள் இன்னும் இருக்கிறார்கள்.

எழும்பூருக்குப் போகிறவர்கள் வெண்கலக் கூடத்தை முடித்த கையோடு தொல்பழங்காலப் பகுதிக்கும் ஒரு நடை போய் வாருங்கள். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை.

பல்லாவரத்துப் பேழையைக் கண்ட அலெக்சாண்டர் ரீயை இங்கே இரண்டு வரியில் கடந்துவிட்டேன். அது அவருக்குச் செய்யும் நியாயமில்லை. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அவர் எடுத்த தங்கப் பட்டங்களும் இரும்பு ஆயுதங்களும், அவருக்கு முன்பே 1876இல் அங்கே வந்து கிடைத்ததையெல்லாம் பெர்லினுக்குக் கொண்டுபோன யாகோர் என்ற ஜெர்மானியரும் அடுத்த இதழில்.

(தொடரும்)